நடந்திராத வரலாறுகள் – 4: தீவைத் தகர்த்த பேரரசர்

1812 செப்டம்பர் 14. மாஸ்கோவுக்கு மேற்கேயுள்ள குன்றின்மீது நின்று நெப்போலியன் அந்த நகரத்தின் கோபுரங்களைப் பார்த்தார். தோற்ற ஊரின் பெரியவர்கள் சாவியோடு வந்து பணிவார்கள் என்று காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. ஊரைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். அன்று இரவே ஆங்காங்கே தீப்பிடித்தது. சில நாட்களில் நகரத்தின் பெரும்பகுதி சாம்பலானது. அந்தச் சாம்பலுக்கு நடுவில் அவர் ஐந்து வாரம் உட்கார்ந்திருந்தார். ஜார் அலெக்சாந்தர் சமாதானம் பேச ஆள் அனுப்புவார் என்று நம்பினார். பீட்டர்ஸ்பர்கிலிருந்து பதில் வரவேயில்லை. அக்டோபர் 19 அன்று படை மேற்கே திரும்பியது. வழியில் பசி, பனி, கொசாக் குதிரைப்படை. அந்தப் படையெடுப்பில் இறங்கிய 6 லட்சம் பேரில் பெரும்பகுதி ஊர் திரும்பவில்லை.

இந்த ஐந்து வாரத்தை மட்டும் வரலாற்றிலிருந்து எடுத்துவிட்டால் என்ன ஆகும்?

1836இல் பாரிஸில் ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளிவந்த ஒரு நூல் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. ‘நெப்போலியனும் உலக வெற்றியும்’ என்று அதன் தலைப்பு. 1812 முதல் 1832 வரையிலான உலகப் பேரரசின் வரலாறு என்று ஒரு துணைத்தலைப்பும் உண்டு. அதை எழுதியவர் லூயி ழோஃப்ருவா. ஒரு முழு நூலின் நீளத்துக்கு, நடந்த வரலாற்றை ஓர் இடத்தில் அறுத்து, அங்கிருந்து இன்னொரு வரலாற்றை வளரவிட்ட முதல் ஆக்கம் என்று பலரும் இதைத்தான் சொல்கிறார்கள்.

முந்தைய பகுதிகளில் லிவியையும் மார்ட்டொரெல்லையும் பார்த்தோம். மாவீரன் அலெக்சாந்தர் கிழக்கே போகாமல் மேற்கே திரும்பியிருந்தால் ரோம் அவனை வென்றிருக்குமா என்று தன் ஒன்பதாம் நூலின் நடுவே நின்று வாதிட்டவர் லிவி. துருக்கியரிடம் 1453இல் வீழ்ந்துவிட்ட கான்ஸ்டான்டிநோபிளைத் தன் கதையில் ஒரு வீரனைக்கொண்டு காப்பாற்றியவர் மார்ட்டொரெல். லிவிக்கு அது சில பக்க வாதம். மார்ட்டொரெல்லுக்கு அது வீரக்கதைக்குள் ஓர் ஆறுதல். வரலாற்றாசிரியனின் குரலிலேயே, தேதியும் உடன்படிக்கையும் படைக்கணக்குமாக நடக்காததை எழுதும் துணிவு ழோஃப்ருவாவிடம்தான் வருகிறது.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது, ஏனென்றால் நமக்கு வரலாற்று நாவல் மிகவும் பழக்கமானது. கல்கி சிவகாமியைக் கற்பனையில் படைத்தார். ஆனால் வாதாபி எரிவதை மாற்றவில்லை. ஆதித்த கரிகாலன் கொலையுண்ட இருட்டுக்குள் எத்தனையோ பாத்திரங்களை நடமாடவிட்டார். ஆனால் அவனை உயிரோடு தஞ்சைக்கு அழைத்துவந்து முடிசூட்டவில்லை. வரலாறு பேசாமல் விட்ட இடங்களில் நாவலாசிரியன் பேசுகிறான். ழோஃப்ருவா செய்தது வேறு. வரலாறு உரக்கச் சொல்லி முடித்த ஒன்றை அவர் மறுக்கிறார்.

ஏன் மறுத்தார் என்பதற்கு அவருடைய பிறப்பிலேயே பாதி விடை இருக்கிறது. 1805 டிசம்பரில் ஆஸ்டர்லிட்ஸில் வென்ற கையோடு நெப்போலியன் ஓர் ஆணையிட்டார்: அந்தப் போரில் உயிர்விட்டவர்களின் பிள்ளைகளை அவர் தத்தெடுத்துக்கொள்வார், அவர்கள் தங்கள் பெயரோடு நெப்போலியன் என்ற பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம். 1803இல் பிறந்த ழோஃப்ருவா அப்படித் தத்துப்பிள்ளையானவர். அவருடைய தந்தை நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்புக்குப் போன படைப் பொறியாளர். மாஸ்கோவிலிருந்து படை திரும்பியபோது இந்தப் பிள்ளைக்கு ஒன்பது வயது, வாட்டர்லூவின்போது பன்னிரண்டு. வளர்ந்து பாரிஸில் நீதிபதியானார். சான்றைப் பார்த்துத் தீர்ப்பெழுதுவது தொழிலாக இருந்த மனிதர், எல்லாச் சான்றுக்கும் எதிராக ஒரே ஒரு தீர்ப்பை எழுதினார். அதுவும் தன்னைத் தத்தெடுத்த தந்தைக்காக.

அவர் எழுதிய காலமும் முக்கியம். 1830 புரட்சியில் அரியணை ஏறிய லூயி பிலிப், நெப்போலியனின் நினைவைத் தன் அரசுக்கு மெருகாக்கப் பார்த்தார். வாந்தோம் தூணின் உச்சியில் 1833இல் மறுபடியும் நெப்போலியன் சிலை ஏறியது. 1836 ஜூலையில் வெற்றி வளைவு திறக்கப்பட்டது. அதற்கும் முன்பே, 1823இல், செயின்ட் ஹெலினாத் தீவுச் சிறைவாசத்தில் நெப்போலியனோடு இருந்த லாஸ் காஸ் அவருடைய பேச்சுகளைத் தொகுத்து வெளியிட்ட நூல் பிரான்ஸ் முழுக்கப் படிக்கப்பட்டது. நெப்போலியனைப் பற்றிய மாற்று வரலாற்றின் முதல் பட்டறை அந்தத் தீவுதான் என்பது என் எண்ணம். அங்கே தோற்ற பேரரசர் தானே உட்கார்ந்து, எந்தத் தளபதி எந்த நேரத்தில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், தனக்கு நேரம் கிடைத்திருந்தால் ஐரோப்பாவை எப்படி ஒன்றாக்கியிருப்பேன் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நடந்ததே நம்ப முடியாததாக இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. கோர்சிகாத் தீவில் பிறந்த சிறு குடும்பத்துப் பையன் 35 வயதில் பேரரசன். 46 வயதில் இன்னொரு தீவில் கைதி. 1819இலேயே ரிச்சர்ட் வேட்லி என்ற ஆங்கிலேயப் பாதிரியார், நெப்போலியன் என்று ஒருவர் உண்மையில் இருந்தாரா என்று ஐயப்பட்டு ஒரு சிறுநூல் எழுதினார். அற்புதங்களை நம்ப மறுத்த டேவிட் ஹ்யூமின் தர்க்கத்தை நெப்போலியன்மீது பொருத்தினால் அவரும் கட்டுக்கதையாகிவிடுவார் என்று காட்டுவது அவர் நோக்கம். 1827இல் பிரான்ஸில் பெரெஸ் என்ற நூலகர் இன்னும் ஒரு படி போனார். நெப்போலியன் என்பது சூரியனைப் பற்றிய புராணம். கிழக்கே ஒரு தீவில் உதித்தார், மேற்கே கடலில் மறைந்தார், பன்னிரண்டு தளபதிகள் என்பது பன்னிரண்டு ராசிகள் என்று எழுதினார். இயேசுவைச் சூரியப் புராணமாக விளக்கிய அறிஞர்களை மடக்குவதற்காக எழுதியது அது. நோக்கம் எதுவானாலும், உண்மை நெப்போலியனுக்கும் கற்பனை நெப்போலியனுக்கும் நடுவே இருந்த சுவர் ஏற்கெனவே மெலிந்திருந்தது. ழோஃப்ருவா அதைத் தள்ளிவிட்டு உள்ளே நடந்தார்.

அவர் நூலில் நெப்போலியன் எரியும் மாஸ்கோவில் காத்திருப்பதில்லை. உடனே வடக்கே பீட்டர்ஸ்பர்கை நோக்கிப் புறப்படுகிறார், ரஷ்யா பணிகிறது. 1814இல் இங்கிலாந்தில் படையிறக்கம். பிறகு கிழக்கு: மேற்காசியா, சீனா, ஜப்பான். ஆப்பிரிக்காவும் அடங்குகிறது; அமெரிக்காக் கண்டம் தானாகவே வந்து பணிகிறது. ஒரே அரசன், ஒரே ஆட்சி. அறிவியலும் வேகமெடுக்கிறது, மனிதர் வானில் பயணம் செய்கிறார்கள், வானிலையையே கட்டுப்படுத்துகிறார்கள். 1832இல் உலக மன்னராகவே நெப்போலியன் இறக்கிறார். உண்மையில் அவர் செயின்ட் ஹெலினாவில் இறந்தது 1821 மே 5. ழோஃப்ருவா அவருக்குப் பதினோரு ஆண்டு ஆயுள் கூட்டியிருக்கிறார். 1832 என்பது நெப்போலியனின் ஒரே சட்டபூர்வ மகன், ஆஸ்திரிய அரண்மனையில் காவலில் வளர்ந்த 21 வயது இளைஞன், வியன்னாவில் காசநோயால் இறந்த ஆண்டு. ரத்த வாரிசு மறைந்த ஆண்டையே தத்துப்பிள்ளை தன் நூலின் எல்லையாக வைத்திருப்பதை என்னால் தற்செயல் என்று கடந்துபோக முடியவில்லை.

வெற்றிமேல் வெற்றியாக வரும் இந்தப் பக்கங்கள் அலுப்பூட்டும். நாயகன் தோற்கமாட்டான் என்று தெரிந்துவிட்டால் போர்க்களத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? ஆனால் இரண்டு அத்தியாயங்கள் இந்த நூலை இன்றுவரை உயிரோடு வைத்திருக்கின்றன.

ஒன்றில், இதுவரை அமைதியாக வரலாறு சொல்லிவந்த குரல் திடீரென்று கொதிக்கிறது. யாரோ ஒரு பொய்யன் ஒரு போலி வரலாற்றை எழுதிப் பரப்பிவிட்டானாம். அந்தப் போலி வரலாற்றில் நெப்போலியன் ரஷ்யாவில் தோற்கிறாராம், வாட்டர்லூவில் வீழ்கிறாராம், ஆங்கிலேயரின் கைதியாக ஒரு பாறைத்தீவில் சாகிறாராம். எவ்வளவு பெரிய அவதூறு என்று அந்த வரலாற்றாசிரியர் பொங்குகிறார். அவர் பொய் என்று சொல்வது முழுவதும் நமக்கு நடந்தது.

இன்னொன்றில், கிழக்கை வென்று பேரரசர் கப்பலில் திரும்பும்போது அடிவானத்தில் ஒரு தீவு தெரிகிறது. அதன் பெயர் செயின்ட் ஹெலினா. உலகத்தையே வென்ற மனிதரின் முகம் வெளிறுகிறது. அந்த உலகத்தில் அந்தத் தீவு அவரை ஒன்றுமே செய்ததில்லை. அங்கே அவர் கால்கூட வைத்ததில்லை. இருந்தும் அஞ்சுகிறார். கடைசியில் அந்தத் தீவு வெடிவைத்துத் தகர்க்கப்படுகிறது.

ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் தள்ளி, 122 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள எரிமலைப் பாறை அது. அதைத் தகர்த்தால்தான் தன் கதை நிற்கும் என்று ழோஃப்ருவாவுக்குத் தோன்றியிருக்கிறது. இங்கேதான் அவர் வெறும் துதிபாடியாக இல்லாமல் எழுத்தாளராகிறார். உண்மையை முழுக்க மறந்திருந்தால் அவர் அந்தத் தீவின் பக்கமே கப்பலை விட்டிருக்க மாட்டார். தான் எழுதுவது பொய் என்பது அவருக்குத் தெரியும். அந்தத் தெரிதல் பேரரசரின் காரணமற்ற அச்சமாக நூலுக்குள் நுழைந்துவிடுகிறது. நடக்காத வரலாற்றை எழுதுகிறவர்களைப் படிக்கும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது இதைத்தான்: நடந்தது எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறது? அந்த வாசலே இல்லாத நூல்கள் ஒரு தலைமுறைகூடத் தாங்குவதில்லை.

ழோஃப்ருவாவுக்கு நான் மன்னிக்காத ஒன்றும் உண்டு. உலகம் முழுவதையும் வெல்லும் அந்தக் கதையில் வெல்லப்பட்டவர்கள் பேசுவதில்லை. ஆசியாவும் ஆப்பிரிக்காவும் அவருக்குப் படை கடந்துபோகும் நிலம். அங்கே இருக்கும் சமயங்கள் அழிந்து ஒரே சமயமாவது முன்னேற்றம். 1830இல் பிரெஞ்சுப் படை அல்ஜீரியாவில் இறங்கியிருந்தது. ழோஃப்ருவா எழுதிக்கொண்டிருந்த ஆண்டுகளில் அந்த மண்ணில் நிஜமாகவே ஊர்கள் எரிந்துகொண்டிருந்தன. அவர் கனவும் அந்தப் படையும் ஒரே காற்றைத்தான் மூச்சிழுத்தன. தோற்றவனுக்காக எழுதப்பட்ட நூல், தோற்கப்போகும் மற்ற எல்லாரையும் பற்றி இவ்வளவு அலட்சியமாக இருப்பது வலிக்கிறது.

1840 டிசம்பர் 15 அன்று, தகர்க்கப்படாத அந்தத் தீவிலிருந்து தோண்டியெடுக்கப்பட்ட நெப்போலியனின் உடல், பனி கொட்டும் பாரிஸின் வழியே இன்வாலிட் மாளிகைக்கு ஊர்வலமாக வந்தது. தெருவெல்லாம் கூட்டம். அடுத்த ஆண்டே ழோஃப்ருவாவின் நூல் தலைப்பு மாறி, இம்முறை ஆசிரியர் பெயரோடு, மறுபடி அச்சானது.

அந்தக் கூட்டத்தின் ஏக்கம் கவிதையோடும் சிலையோடும் நிற்கவில்லை. 1848 பிப்ரவரியில் லூயி பிலிப் ஓடிப்போனார்; குடியரசு வந்தது; ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. டிசம்பர் 10 அன்று நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் 50 லட்சத்துக்கும் மேலான வாக்குகளை அள்ளியவர் நெப்போலியனின் தம்பி மகன் லூயி நெப்போலியன். பெரும்பாலான கிராமத்து மக்களுக்கு அவரைப் பற்றித் தெரிந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். மூன்றே ஆண்டில், 1851 டிசம்பர் 2 அன்று, ஆஸ்டர்லிட்ஸ் வெற்றியின் ஆண்டு நாளைத் தேர்ந்தெடுத்து அவர் குடியரசைக் கவிழ்த்தார். மறு ஆண்டு அதே தேதியில் பேரரசரானார். தோற்காத நெப்போலியனைப் பற்றிய ஏக்கம் உண்மையான துப்பாக்கிகளோடு தெருவுக்கு வந்துவிட்டது.

அந்தத் துப்பாக்கிகளுக்கு முன் எல்லாம் இழந்தவர்களில் ஷார்ல் ரெனூவியே ஒருவர். 1815இல் மோன்பெலியேயில் பிறந்த தத்துவவாதி. 1848இல் கல்வி அமைச்சர் இப்போலித் கார்னோ கேட்டுக்கொண்டபடி, புதிதாக வாக்குரிமை பெற்ற மக்களுக்காகக் குடியரசு என்றால் என்ன என்று கேள்வி பதிலாக ஒரு கையேடு எழுதினார். ஏழைகளைப் பணக்காரர்கள் விழுங்குவதைத் தடுக்க வழி உண்டா என்றெல்லாம் அதில் பேசியிருந்ததால் சட்டமன்றத்தில் பெரும் அமளி. கார்னோ பதவி விலக வேண்டியதாயிற்று. 1851க்குப் பிறகு ரெனூவியே பொது அரசியலிலிருந்து ஒதுங்கினார். அந்த ஒதுக்கத்தில் அவர் எழுதத் தொடங்கியதுதான் ‘யுக்ரோனி’. சில பகுதிகள் 1857இல் ஓர் இதழில் வந்தன. முழு நூலாக வந்தது 1876இல், பேரரசு வீழ்ந்து மூன்றாம் குடியரசு காலூன்றியபோது.

ரெனூவியே நெப்போலியனைத் தொடவே இல்லை. பதினேழு நூற்றாண்டு பின்னே போனார்.

கி.பி. 175. தன்யூப் எல்லையில் போரிட்டுக்கொண்டிருந்த ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் இறந்துவிட்டதாக ஒரு வதந்தி கிழக்கே பரவியது. அதை நம்பி, சிரியாவில் பெரும் படையோடு இருந்த தளபதி அவிடியஸ் காசியஸ் தன்னைப் பேரரசராக அறிவித்துக்கொண்டார். மார்க்கஸ் உயிரோடுதான் இருந்தார். மூன்று மாதத்தில் காசியஸ் தன் படைவீரர்கள் கையாலேயே கொல்லப்பட்டார். வெட்டிய தலை மார்க்கஸுக்கு அனுப்பப்பட்டது. 180இல் மார்க்கஸ் இறந்ததும் மகன் கொமோடஸ் வந்தான். தத்துவ அரசனின் மகன் அரங்கில் இறங்கி வாள்வீரர்களோடு விளையாடினான். 192இன் கடைசி நாளில் கொல்லப்பட்டான். அதன்பின் ரோமில் வாளே அரசர்களை ஆக்கியது.

ரெனூவியே அறுக்கும் இடம் அந்த 175. அவர் கதையில் மார்க்கஸும் காசியஸும் எதிரிகளாக முடிவதில்லை, கலந்து பேசுகிறார்கள். மகனுக்கு அரியணை என்ற வழக்கம் விடப்படுகிறது. நிலம் உழுகிறவர்களுக்குப் போகிறது. அடிமைமுறை படிப்படியாகத் தளர்கிறது. குடியரசின் பழைய உணர்வு மெல்லத் திரும்புகிறது. கிறிஸ்தவம் கிழக்கோடு நிற்கிறது. வெகுகாலம் கழித்து மேற்கே வரும்போது பல சமயங்களில் ஒன்றாக, பிறரைச் சகித்துக்கொண்டு வருகிறது. இயேசுவின் பிறப்பிலிருந்து ஆண்டு எண்ண வேண்டிய தேவை அந்த ஐரோப்பாவுக்கு இல்லாததால், நூலில் காலக்கணக்கு கிரேக்கரின் ஒலிம்பியாட் முறையில் ஓடுகிறது. படிக்கிறவர் பக்கத்துக்குப் பக்கம் தடுமாறுவார். அந்தத் தடுமாற்றம் ரெனூவியே விரும்பியதாகத்தான் இருக்க வேண்டும்.

தன் பெயரைப் பின்னுக்குத் தள்ளி அவர் ஒரு சட்டகமும் கட்டினார். இந்த வரலாற்றை எழுதியவர், ஜோர்டானோ புரூனோ எரிக்கப்பட்ட காலத்தில் ரோமில் மதவிசாரணைக்குப் பலியான ஒரு கற்பனைத் துறவி. கையெழுத்துப்படி ரகசியமாக ஒரு சீர்திருத்தச் சபைக் குடும்பத்திடம் போய்ச் சேர்கிறது. தலைமுறை தலைமுறையாக அதைக் காத்தவர்கள் தங்கள் குறிப்புகளையும் சேர்க்கிறார்கள். அந்தக் குறிப்புகளில் மதச் சண்டைகளும் துரத்தப்பட்ட குடும்பங்களும் வருகின்றன. ழோஃப்ருவாவில் தீவாக வந்த உண்மை இங்கே வீட்டுக் குறிப்பாக வருகிறது. சகிப்புள்ள ஐரோப்பாவைப் பற்றிய கனவை, சகிப்பற்ற ஐரோப்பாவில் ஒளிந்து வாழ்கிறவர்கள் பாதுகாக்கிறார்கள். ஐந்நூறு பக்கப் பேருரையால் சொல்ல முடியாததை இந்தச் சட்டகம் சொல்லிவிடுகிறது.

நூலின் முடிவில் ரெனூவியே ஒரு வரைபடம் தருகிறார். ஒரு புள்ளியிலிருந்து இரண்டு கோடுகள் பிரிகின்றன. ஒன்று நடந்தது, மற்றது நடக்காதது. பிரிந்த கோடு மேலும் மேலும் கிளைக்கிறது. ஒவ்வொரு முனையிலும் மனிதர்கள் இன்னொரு முடிவை எடுத்திருக்கலாம். ஆகவே தன் வரலாறு இருந்திருக்கக்கூடிய பலவற்றில் ஒன்று மட்டுமே என்று ஒத்துக்கொள்கிறார். இது ழோஃப்ருவாவிடம் இல்லாத நேர்மை. ழோஃப்ருவாவின் நெப்போலியன் மாஸ்கோவைத் தாண்டிவிட்டால் அதன்பின் எல்லாம் ஒரே சரிவில் வெற்றியை நோக்கி உருள்கிறது. ரெனூவியேவுக்கோ அறுத்த இடத்துக்கு அப்பாலும் ஒவ்வொரு அடியும் ஒரு தேர்வு. அவர் காலத்தில் ஹெகலின் வழிவந்தவர்களும் கோந்த்தின் வழிவந்தவர்களும் வரலாறு இப்படித்தான் போயாக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1851இல் வீழ்த்தப்பட்ட ஒரு குடியரசுக்காரனால் அதை எப்படி ஏற்க முடியும்? வரலாறு போகவேண்டிய வழியில்தான் போனது என்றால் அந்த டிசம்பர் இரவில் யாருக்கும் குற்றமில்லை. அவர் மாற்று வரலாறு எழுதியது, நடந்ததற்கு மனிதர்கள் பொறுப்பு என்று நிறுவுவதற்காக.

அவரிடமும் குறை இருக்கிறது. மனசாட்சியின் சுதந்திரத்துக்காக உயிரைவிடும் துறவியைப் படைத்தவர், தன் கற்பனை ரோமில் ஒரு சமயத்தை அரசின் கையால் மேற்கிலிருந்து விலக்கிவைக்கிறார். சகிப்பு வளர்வதற்குச் சகியாமை உரமாகிறது. இந்த முரண் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. நூல் முழுவதும் கனத்துக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஒரு நல்ல விளைவை முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு அதற்கான காரணங்களைத் தேடும்போது, தத்துவவாதியின் கையும் சற்றே தளபதியின் கையாகிவிடுகிறது.

விற்பனையில் இரண்டு நூல்களும் பெரிதாக எழவில்லை. ஆனால் இரண்டும் இரண்டு பாதைகளை வெட்டிவிட்டன. இருபதாம் நூற்றாண்டில் எழுதியவர்கள் அறிந்தோ அறியாமலோ இவற்றில் ஒன்றில்தான் நடந்தார்கள். 1931இல் ஜே. சி. ஸ்குவயர் தொகுத்த ஒரு கட்டுரைத் தொகுப்பில் இரண்டு பாதைகளும் ஒரே அட்டைக்குள் கிடக்கின்றன. அதில் ஒருவர், 1863இல் கெட்டிஸ்பர்க் போரில் தென்மாநிலத் தளபதி லீ வென்றுவிட்ட உலகத்தில் உட்கார்ந்துகொண்டு, லீ தோற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கவலையோடு கற்பனை செய்கிறார். அப்போது அமைச்சர் பதவி இல்லாமல் இருந்த அந்த எழுத்தாளரின் பெயர் வின்ஸ்டன் சர்ச்சில். லீ வென்ற உலகத்தில் 1914 போர் எப்படித் தவிர்க்கப்படுகிறது, அடிமைகளுக்கு என்ன விடை சொல்கிறார் என்பதை அடுத்த பகுதியில் பார்க்கலாம்.

(தொடரும்)